பட்டம் சூட்டியவர் யார்?

(கண்டி நகரில் ஆசிரியரும் வணிகரும் தோட்டத்து இளைஞரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மூன்றே மூன்று சொற்கள். கூலி, தோட்டக்காட்டான், கள்ளத்தோணி. அகராதியிலே எழுதினால் மூன்று வரிகளுக்குள் அடங்கிவிடும். ஆனால், கண்டிச் சீமையிலே ஓர் இனத்தின் இருநூறாண்டு வாழ்வை அமுக்கி வைத்த பாறாங்கற்கள் அவை.

"சொல்லிலே என்ன ஐயா இருக்கிறது? வேடிக்கைக்குச் சொல்கிறார்கள், காதிலே போட்டுக்கொள்ளாமல் போகவேண்டியதுதானே!" என்பார் உண்டு. வேடிக்கை யாருக்கு? சொல்பவனுக்கு. கேட்பவன் பள்ளிக்கூடத்திலே தன் தகப்பன் தொழிலைச் சொல்ல நா எழாமல் நிற்கிறான். பேருந்திலே தன் ஊரின் பெயரை மாற்றிச் சொல்கிறான். உத்தியோக விண்ணப்பத்திலே உறவினர் வீட்டு முகவரியை எழுதுகிறான். ஒரு சொல்லுக்கு அஞ்சி, பெற்ற தாயின் இருப்பிடத்தையே ஒரு மகன் மறைக்க நேருமானால், அந்தச் சொல் வேடிக்கைச் சொல்லா? விலங்கா? எண்ணிப் பாருங்கள்.

இழிசொல் வானத்திலிருந்து விழுவதில்லை. முதலிலே ஒருவனது உழைப்பை மலிவாக வாங்குகிறார்கள். அடுத்து, நிற்க ஒரு சாண் நிலமுமின்றி வைக்கிறார்கள். அதற்கும் அடுத்து, உரிமையைப் பறிக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "இவன் இப்படி இருப்பதற்கு நாங்கள் என்ன செய்வோம்? இவன் பிறப்பே அப்படி!" என்று சொல்வதற்கு ஒரு பட்டம் தேவைப்படுகிறது. பட்டம் கடைசியில் வருவது. ஆனால் முதலிலிருந்தே இருந்ததுபோல் நடிப்பது. அந்த நடிப்பின் திரையை நீக்குவதே இன்றைய உரையின் நோக்கம்.

கூலி

கூலி என்பது நல்ல தமிழ்ச்சொல். உழைப்புக்கு ஈடாகப் பெறுவது கூலி. மெய் வருந்தி முயல்வோன் அடையும் பயனைச் சொல்லுமிடத்து, வள்ளுவரே இச்சொல்லை ஆண்டிருக்கிறார். கூலி பெறுபவன் கூலியாள். அவனே கூலி அல்லன். பெறும் பொருள் வேறு, பெறும் மனிதன் வேறு.

போர்த்துக்கேயர் வாய்வழி ஆங்கிலத்துக்குள் புகுந்த இச்சொல், நம் தமிழ்க் கூலியிலிருந்து சென்றது என்பாரும், குசராத்து நாட்டுக் கோலி என்னும் குலப்பெயரிலிருந்து சென்றது என்பாரும் உளர். எப்படிச் சென்றிருந்தாலும் சரி, சென்ற இடத்திலே "ஆள்" உதிர்ந்தது; "கூலி" மட்டும் எஞ்சியது. மனிதன் மறைந்தான்; அவன் விலை மனிதனாயிற்று. பிறகு அது தமிழனை மட்டுமா சுட்டியது? சீனனைச் சுட்டியது, வங்காளியைச் சுட்டியது. 1893ஆம் ஆண்டு வழக்கறிஞராகத் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளுக்கும் "கூலி பாரிஸ்டர்" என்ற பட்டமே கிடைத்தது. இங்கிலாந்தில் சட்டம் பயின்றவரானாலென்ன? நிறத்தைப் பார்த்தான் வெள்ளையன், பட்டத்தை வைத்தான்.

இனி நம் கண்டிக்கு வருவோம். 1815ஆம் ஆண்டு கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அடுத்த பத்தாண்டுக்குள் காட்டை அழித்துக் கோப்பி பயிரிடத் தொடங்கினர். 1824ஆம் ஆண்டளவில் கம்பளைக்கு அருகே சின்னபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வர்ட் பான்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொருவையில் தாமே கோப்பி வைத்தார். தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தனர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டை எனப் பஞ்சமும் கடனும் வாட்டிய ஊர்களிலிருந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே மலையேறினர். அந்த நெடுவழியிலே கொள்ளை நோய்க்கும் பசிக்கும் பலியானோர் பல்லாயிரவர். அவர்களுக்குக் கல்லறை இல்லை; கல்வெட்டு இல்லை.

கோப்பி நோய்ப்பட்டு வீழ்ந்தது. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியிலே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை எழுந்தது. பயிர் மாறியது, பயிரிட்டவன் நிலை மாறியதா? கங்காணி கொடுத்த முன்பணம் கடனாயிற்று. கடனைத் தீர்க்காதவன் வேறு தோட்டம் போகாதபடி "துண்டு" என்னும் கடன்சீட்டு அவனைக் கட்டிப் போட்டது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கப்பலேறி வந்தவனுக்குத் தோட்டத்தின் அடையாள எண் பொறித்த தகரச் சீட்டு கொடுத்தனுப்பினர். அவன் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. தகரத்தைப் பார்த்தால் போதும், எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும்!

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. தகரமும் போயிற்று. ஆனால் தகரத்துக்குப் பதில் தலையிலே ஒட்டிக்கொண்ட சொல் போகவில்லை. 1940 சனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்திலே, ஊதிய உயர்வு கேட்ட போராட்டத்தின்போது, காவற்படையின் துப்பாக்கிக்கு ஓர் உயிர் பலியாயிற்று. செத்தவன் "கூலி ஒருவன்" அல்லன், தோழர்களே! அவனுக்குப் பெயர் உண்டு. கோவிந்தன் என்பது அவன் பெயர். எண்ணிக்கையாக இருந்தவர்கள் பெயராக எழுந்த நாள் அது.

தோட்டக்காட்டான்

"கூலி" என்ற பட்டத்தை வெள்ளையன் சூட்டினான். "தோட்டக்காட்டான்" என்ற பட்டத்தைச் சூட்டியவர் யார்? துரைக்கு இந்தச் சொல் வாயில் நுழையாது. அண்டைக் கிராமத்துச் சிங்களக் குடியானவன் ஆக்கிய சொல்லும் அன்று. தமிழ் வாயிலே பிறந்து, தமிழ்க் காதைச் சுட்ட சொல் இது. சொல்லவே நாணவேண்டிய செய்தி. ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காடாய்க் கிடந்த மலையைத் தோட்டமாக்கியவன் அவன். அட்டை கடிக்க, குளிர் நடுக்க, மரம் வீழ்த்தி, கல் அகற்றி, சரிவிலே கான் வெட்டி, பச்சைக் கம்பளம் விரித்தவன் அவன். அவன் பெயரோடு தோட்டமும் காடும் சேருமானால், அது புகழ்ப் பெயராக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் வசையாயிற்று?

காரணம் உண்டு. தோட்டத்திலே துரைக்குக் கீழே கிளாக்கர். அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை. அவருக்கும் கீழே கங்காணி. எல்லோருக்கும் கீழே கொழுந்தெடுப்பவளும் கவ்வாத்து வெட்டுபவனும். மொழி ஒன்று, வணங்கும் தெய்வமும் பெரும்பாலும் ஒன்று. துரையின் கண்ணுக்கு எல்லோரும் ஒரே நிறம். அப்படியானால் படி எங்கே? ஒரு படி மேலே நிற்பவன் தன் படியைக் காட்டுவதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. நகரத்துக் கடைக்காரருக்கும் அதே அச்சம். அவர் பாட்டனும் இராமநாதபுரத்திலிருந்து கடல் கடந்து வந்தவரே. "நாங்கள் வணிகர், அவர்கள் தோட்டக்காடு" என்று கோடு கிழிக்காவிட்டால், தம்மையும் அந்தக் கணக்கிலே சேர்த்துவிடுவார்களோ என்ற நடுக்கம். வெகு தொலைவில் நிற்பவனுக்கு இந்த நடுக்கம் இல்லை; அடுத்த படியில் நிற்பவனே உரக்கக் கூவுகிறான். இழிசொல்லின் இலக்கணமே இதுதான்.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோயா? அன்று. நம் திரைப்படங்களிலே கொடியவனை "வில்லன்" என்கிறோம். அந்தச் சொல்லின் மூலம் என்ன? இலத்தீன் மொழியிலே "வில்லா" என்றால் நாட்டுப்புறப் பண்ணை. பண்ணையிலே வேலை செய்தவன் "வில்லானுஸ்". பண்ணையாள் என்பதற்கு மேல் அதிலே பொருள் இல்லை. பிரபுக்களின் வாயிலே அது முரடன் ஆயிற்று; பிறகு கயவன் ஆயிற்று; இறுதியிலே கொடியவன் ஆயிற்று. அந்த நாட்டுத் தோட்டக்காட்டான்தான் இன்றைய வில்லன்! இங்கிலாந்திலே அண்மைக் காலத்தில் ஏழைத் தொழிலாளர் வீட்டு இளைஞரை இகழ்ந்து "சாவ்" என்றார்கள். நாடோடி ரோமானி மக்களின் மொழியிலே பிள்ளை என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து அது வந்தது என்பர். பிள்ளை என்ற சொல்லையும் வசையாக்க வல்லது வர்க்கச் செருக்கு. பறை முழக்கிய மக்களின் குலப்பெயரை நம் மண்ணிலிருந்து எடுத்துச் சென்ற ஆங்கிலம், "ஒதுக்கப்பட்டவன்" என்ற பொருளிலே உலகமெங்கும் பரப்பியிருக்கிறது. ஒதுக்கியது நாம், உலகம் அதை எழுதி வைத்துக்கொண்டது. வெட்கம் யாருக்கு?

கள்ளத்தோணி

மூன்றாவது சொல் மூன்றிலும் கொடியது. ஏனெனில் அது பொய்.

தோட்டத்துக்கு வந்தவன் கள்ளத்தனமாகவா வந்தான்? அரசாங்கமும் தோட்டச் சொந்தக்காரரும் ஆளனுப்பி அழைத்து வந்தனர். மண்டபம் முகாமிலே தங்கவைத்தனர், வைத்தியர் சோதித்தார், பெயர் பதிந்தனர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலிலே ஏற்றினர். பட்டப்பகலிலே, பதிவேட்டிலே பெயரோடு, அரசாங்கத்தின் கண்முன்னே வந்து இறங்கியவன் அவன். அவன் ஏறியது கள்ளத்தோணி என்றால், அந்தத் தோணியை ஓட்டியது யார்?

1948இலே குடிவரவு, குடியகல்வுச் சட்டம் வந்த பின்னர், அனுமதியின்றி இரவிலே படகேறி வந்தோர் சிலர் உண்டு. அவர்களைக் குறிக்க எழுந்த சொல், பல தலைமுறையாக இம்மண்ணிலே பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கானோர்மீது போர்த்தப்பட்டது. போர்த்துவதற்கு வசதியாகச் சட்டமும் வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நாவலப்பிட்டித் தொகுதியும் அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இங்கே பிறந்திருந்தாலும் போதாது. தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும் என்றனர். லயத்திலே பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழை யார் எழுதி வைத்தார்கள்? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பிரசாவுரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேர். மற்றவர்கள் வாக்கற்றவர், நாடற்றவர்.

இந்த அநீதியைக் கண்டு தமிழர் எல்லோரும் வாளாவிருந்தனர் என்று சொல்ல மாட்டோம். தமிழ்க் காங்கிரசிலிருந்து செல்வநாயகம் முதலானோர் பிரிந்து, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சி காண்பதற்கு இதுவும் பெருங்காரணம். ஆனால் மேடையிலே உரிமை முழக்கம் கேட்ட நாளிலும், கடைத்தெருவிலே "கள்ளத்தோணி" என்ற சொல் ஓயவில்லை.

அந்தச் சொல் செய்த வேலையைப் பாருங்கள். தமிழ்ச்சொல்லாகவே அது சிங்கள மொழிக்குள் புகுந்தது. கலவரக் காலங்களிலே அதைக் கூவியவன், "நீ தோட்டத்தானா, யாழ்ப்பாணத்தானா, கொழும்பு வணிகனா?" என்று கேட்கவில்லை. தமிழன் என்றால் கள்ளத்தோணி! அயலான்மீது எறிந்த கல், எறிந்தவன் வீட்டுக் கூரையிலேயே விழுந்தது. ஒருவனை இழிவுபடுத்தத் தமிழன் கொடுத்த சொல்லை, தமிழன் அனைவரையும் இழிவுபடுத்த உலகம் எடுத்துக்கொண்டது.

அக்கரையிலும் ஒரு பட்டம்

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தனர். பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் பாதிக்குப் பாதியாகப் பிரித்தனர். மூட்டை முடிச்சோடு அவர்கள் ஏறிச் சென்ற இரயிலுக்கு நம் மக்கள் இட்ட பெயர் "ஒப்பாரிக் கோச்சி". அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் புலவர் இட முடியும்?

போனவர்கள் அங்கே என்ன பெயர் பெற்றார்கள்? அரசாங்கக் கடிதத்திலே "தாயகம் திரும்பியோர்". நீலகிரியிலே, கூடலூரிலும் கோத்தகிரியிலும், தெருவிலே அவர்கள் பெயர் "சிலோன்காரன்". இங்கே இருந்தவரை "இந்தியாக்காரன்". அங்கே சென்றதும் "சிலோன்காரன்"! இரண்டு நாட்டுக்கும் உழைத்தவனுக்கு இரண்டு நாட்டிலும் ஊர் இல்லை. தமிழகத்திலும் அவனை அப்படி அழைத்தது தமிழ் வாய்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

முகவரியே மூலவேர்

நாடற்றோர் நிலையை ஒழிக்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் வந்தன. வாக்குரிமை மீண்டது, பாராளுமன்றத்திலே மலையகத்தார் அமைச்சராகவும் அமர்ந்தனர். சட்டத்தின்படி இன்று அவர்கள் யாருக்கும் குறைந்தவரல்லர். அப்படியிருந்தும் அந்தச் சொற்கள் ஏன் சாகவில்லை?

நாம் கூறும் விடை இது: வேர் அறுபடவில்லை. அந்த வேரின் பெயர் முகவரி.

கிராமத்தானுக்கு வீட்டுப் பெயர் உண்டு, தெரு உண்டு, எண் உண்டு. லயத்திலே வாழ்பவனுக்கோ தோட்டத்தின் பெயர்தான் முகவரி. நெடுங்காலமாக அவன் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்தே அவன் கைக்கு வந்தது. குடியிருக்கும் அறை அவனுடையது அன்று. அடுப்பெரியும் மண் அவனுடையது அன்று. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகள் கைக்குச் சென்றது. முதலாளி மாறினார், லயம் மாறவில்லை. தோட்டத்தின் உடைமையாகவே ஒருவனை வைத்திருக்கும் வரையில், "தோட்டத்தான்" என்று அவனை இகழ்பவன் இருந்துகொண்டே இருப்பான். இழிசொல்லுக்கு உணவு அந்த லயத்து அறைதான்.

தோட்டம்தான் என்றில்லை. இந்தக் கண்டி நகரிலேயே, மகியாவையிலே, நகரசபைத் துப்புரவுத் தொழிலாளரின் குடியிருப்பு இருக்கிறது. விடியுமுன் எழுந்து, நம் தெருவைத் துலக்குகிறவர்கள் அவர்கள். அவர்கள் ஒரு நாள் கையை மடக்கினால், பெரஹராப் பார்க்க வரும் உலகம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பும். அவர்கள் பிள்ளைகளுள் படித்தவர் உண்டு. பட்டம் பெற விழைபவரும் உண்டு. ஆனால் "மகியாவை" என்று முகவரி எழுதப் பேனா தயங்குகிறது. அழுக்கை அகற்றுபவன் இழிந்தவன், அழுக்கை எறிபவன் உயர்ந்தவன் என்பது எந்த ஊர் நியாயம்?

2018ஆம் ஆண்டு 32ஆம் இலக்கச் சட்டத்தால் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபை அமைந்தது. 7 பேர்ச்சு நிலமும் தனி வீடும் என்ற திட்டத்தில் சில ஆயிரம் குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின. நல்ல தொடக்கம். ஆனால் தொடக்கம் முடிவாகாது. வீட்டுக்கு உறுதி, நிலத்துக்கு உரிமை, வாசலுக்கு எண். இம்மூன்றும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்கும் நாளே, அம்மூன்று சொற்களும் சாகும் நாள்.

நாமே இட்ட பெயர்

1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முதல் அரசாங்கம் நம்மை "இந்தியத் தமிழர்" என்று தனியே எழுதியது. பிறர் இட்ட பெயர் அது. 1960களிலே, ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் அவர்களிடம் பயின்ற இளைஞர்களும், "நாம் மலையகத்தார்" என்று தலைநிமிர்ந்து சொன்னார்கள். தொழிலையோ வந்த வழியையோ சொல்லாமல், வாழும் மண்ணைச் சொன்ன பெயர் அது. 2023ஆம் ஆண்டு இருநூறாம் ஆண்டை நினைந்து, மூதாதையர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அந்தப் பெயரைத்தான் ஏந்தி நடந்தார்கள். 2024ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலே அப்பெயருக்கும் இடம் கிடைத்தது. மொரீசியசுத் தீவிலே கூலிகள் இறங்கிய துறை, "கூலித்துறை" என்ற பெயர் நீங்கி, "குடிபெயர்ந்தோர் துறை" என்ற பெயரோடு 2006இலே உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. இறங்கியவர்களின் பேரர் அந்நாட்டை ஆள்பவரானார்கள். எனவே பெயரை மாற்ற முடிந்தது. பெயரும் உரிமையும் கைகோத்துச் செல்வன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, அன்பர்களே, மூவரிடம் மூன்று கேட்கிறோம்.

ஆசிரியர்களே! வகுப்பறையிலே அந்தச் சொல் ஒலித்தால், சிரித்துக் கடந்துவிடாதீர்கள். அது பிறந்த வரலாற்றை அன்றே, அங்கேயே சொல்லிக்கொடுங்கள். வரலாறு தெரிந்த பிள்ளை வசை பாடாது.

வணிகர்களே! தோட்டத்து அம்மை சம்பள நாளில் உங்கள் கடைக்கு வருகிறாள். அவள் காசு உங்கள் பெட்டிக்கு இனிக்கிறது. அவள் மட்டும் ஏன் கசக்க வேண்டும்? அவளை "அம்மா" என்று அழையுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இளைஞர்களே! உங்கள் தோட்டத்தின் பெயரை ஒளிக்காதீர்கள். கலஹா என்றால் கலஹா என்று சொல்லுங்கள். தெல்தோட்டை என்றால் தெல்தோட்டை. புசல்லாவை என்றால் புசல்லாவை. நாணவேண்டியது கொழுந்து பறித்த விரல் அன்று. அந்த விரலைச் சுட்டி நகைத்த விரல். ஒளிப்பதை நிறுத்துங்கள், நிலம் கேட்பதை நிறுத்தாதீர்கள்.

கூலி கொடுத்தவன் பெயர் வைத்த காலம் போகட்டும். உழைத்தவன் தன் பெயரைத் தன் வாசலிலே தானே எழுதும் காலம் வரட்டும்!